இன்னும் எறங்கல

லாத்தா,

சென்னையிலிருந்து மத்தியான விமானத்தில் மல்லிகை வந்திருக்கிறது. தெர்மாகோல் பெட்டி, சுற்றிலும் பழுப்பு டேப், உள்ளே ஐஸ். யாரும் பிரிக்கவில்லை. பிரிக்காமலேயே வீடு முழுக்க மணக்கிறது. தப்பித்துக் கொல்லைப் பக்கம் போனால் அங்கேயும் வருகிறது. இந்தத் தீவில் தேங்காய் விழுந்து கிடக்கும், மீன் துள்ளிக் கிடக்கும், நாலு முழம் நல்ல பூ வேண்டுமென்றால் மட்டும் மெயின்லேண்டைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். நாளைக் காலையில் என் செந்திலுக்குக் கல்யாணம் என்று சொல்லி வரவழைத்த பூ.

என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்படிக்குப் போகிறேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். ஃபேனைப் போடுகிறேன், நிறுத்துகிறேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெங்காலிக்காரி ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்காரரிடம், "தீதீ அபி உத்ரா நஹி" என்றாள். அக்கா இன்னும் இறங்கவில்லையாம். எனக்குச் சுருக்கென்றது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். அது உங்கள் வார்த்தை. நீங்கள் இல்லாத ஊரில் அதை என் மேல் போடுவதற்கு இவள் யார் என்று வாசல் வரைக்கும் போய்விட்டேன். அப்புறம் அங்கே போய் எந்த முகத்தோடு சண்டை போடுவது என்று திரும்பி வந்து, இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

எங்கள் கோவில்பட்டிப் பக்கம் ஒருத்தன் திருதிருவென்று விழித்தால் மந்திரிச்சு விட்ட கோழி என்பார்கள், பேயறைஞ்சவன் என்பார்கள். இங்கே வந்த பிறகுதான் இதைக் கேட்டேன். டீச்சர் கேள்வி கேட்டுப் பையன் கூரையைப் பார்த்தால், இன்னும் எறங்கல. கடையில் காசைக் கொடுத்துவிட்டுச் சாமானை மறந்து போனால், இன்னும் எறங்கல. கார் நிக்கோபார் தீவில் போஸ்டிங் முடிந்து வந்தவன் கண்ணெதிரே பஸ்ஸை விட்டுவிட்டு நின்றால், அவனும் இன்னும் எறங்கல. தமிழன் தமிழில் சொல்வான், தெலுங்கனும் மலையாளியும் இந்தியில் சொல்வார்கள், ஆனால் எல்லாருக்கும் புரியும்.

இது எங்கிருந்து வந்தது என்று உங்கள் மளிகைக் கடை வாசலில் எத்தனை சண்டை! என் வீட்டுக்காரர், இது ஹேடோ துறைமுகப் பேச்சு என்பார். மெயின்லேண்ட் கப்பல் வந்தால் ஆள் இறங்கிவிடுவான், அவன் சரக்கு அடித்தட்டில் கிடக்கும், மறுநாள்தான் கிரேன் தூக்கும். ஆள் வந்தாச்சு, சரக்கு எறங்கல, அதுதான் இது என்பார். பெங்காலிக்காரர்கள், குடித்தவனுக்குப் போதை இறங்காததைச் சொல்லும் இந்திப் பேச்சிலிருந்து தமிழர்கள் திருடியது என்பார்கள். உங்கள் வீட்டுக்காரர் பாய், தராசைப் பிடித்தபடியே, "அதெல்லாம் கைதிகளைக் கப்பலில் கொண்டாந்த காலத்துப் பேச்சு" என்று ஒரு பெரிய கதையை ஆரம்பிப்பார். நீங்கள் உள்ளேயிருந்து, "ஆமா, இவுகதான் துறையில நின்னு எண்ணுனாக" என்று குரல் கொடுப்பீர்கள். கடை முழுக்கச் சிரிக்கும். பாயும் சிரிப்பார்.

உங்கள் பதில் வேறு. "புள்ள, உடம்பு படியில எறங்கி வந்துரும். மனசுக்கு மூட்டை ஜாஸ்தி. அது மெதுவாத்தான் வரும்." எங்கள் ஊர் வார்த்தைகளில் பேய் இருக்கிறது, மந்திரம் இருக்கிறது, அடி இருக்கிறது. உங்களுடையதில் ஒன்றுதான் இருக்கிறது, கொஞ்சம் பொறு, ஆள் வந்துவிடும் என்பது. அதனால்தான் எனக்கு அது பிடித்தது. கேலிக்குச் சொன்னாலும் அதில் விஷம் இல்லை.

நான் வந்து இறங்கிய நாளை இன்று காலையிலிருந்து எத்தனை தடவை நினைத்தேனோ. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காததால் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய் அங்கேயே கட்டிவைப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். மூன்று நாள் கப்பல், பங்க் கிளாஸ். டீசல் வாடை, ஃபினாயில் வாடை, பக்கத்துப் படுக்கைக்காரியின் எலுமிச்சை ஊறுகாய் வாடை. ஹேடோ துறையில் படி இறங்கியதும் தரை ஆடுகிறது. அப்பாவின் தோளைப் பிடித்தால் அப்பாவும் ஆடுகிறார். மாலையோடு வந்திருந்த கூட்டத்தில் என் மாமியார், "பொண்ணு சிரிக்கவே மாட்டேங்குதே" என்றார். அப்போது வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூட்டத்தை விலக்கி நீங்கள் வந்தீர்கள். குவார்ட்டர்ஸ் முழுக்க உங்களை லாத்தா என்றுதான் கூப்பிட்டது, பெரியவர் சின்னவர் இல்லாமல். எனக்கு அப்போது அது அக்கா என்று அர்த்தம் என்றுகூடத் தெரியாது.

"பொண்ணு இன்னும் எறங்கல. நான் கூட்டிப் போறேன். எறங்குனதும் நானே கொண்டாந்து விடுறேன்" என்றீர்கள். யாரும் மறுக்கவில்லை. அது எனக்கு அப்போது ஆச்சரியம். கப்பலில் வரும் கல்யாணப் பெண் வந்த அன்றைக்கு ராத்திரி கடைக்கார லாத்தா வீட்டில்தான் என்பது அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசைக்கே வழக்கமாகியிருந்தது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

வெந்நீர் வைத்துக் குளிக்கச் சொன்னீர்கள். ரசம் சோறு. தூக்கம். விடிந்ததும் ஒரு தம்ளரில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றி என் கையில் கொடுத்து, "கண்ணை மூடிக்கிட்டு நில்லு" என்றீர்கள். ஒரு சொட்டு சிந்தினாலும் மறுபடி போய்ப் படுக்க வேண்டும். நான் சிந்தவில்லை. நீங்கள் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தீர்கள். "இப்பச் சொல்லு. இந்தப் பையனைக் கட்டிக்க உனக்குச் சம்மதமா?"

லாத்தா, அதுவரைக்கும் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஜாதகத்தைக் கேட்டார்கள், படிப்பைக் கேட்டார்கள், பாட்டு வருமா என்று கேட்டார்கள். நான் விழித்தேன். "அவரைப் பார்க்கணும்" என்றேன். நீங்கள் ஆள் அனுப்பினீர்கள். ஒர்க்‌ஷாப்பிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார், நகமெல்லாம் கிரீஸ், தலையில் மட்டும் யாரோ அவசரமாக எண்ணெய் வைத்துவிட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி என்றேன். அந்தச் சரி என்னுடையது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ சண்டை, தட்டைத் தூக்கி எறிந்திருக்கிறேன், பேசாமல் இருந்திருக்கிறேன், ஒரு தடவைகூட அப்பா தலையில் பழி போட முடியவில்லை. அதற்காக உங்களைத் திட்டியும் இருக்கிறேன்.

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று ஒரு மழை மத்தியானம் கேட்டேன். கடையில் ஆளில்லை, பாய் தொழுகைக்குப் போயிருந்தார். நீங்கள் மிளகாய் வற்றலில் காம்பு கிள்ளிக்கொண்டே சொன்னீர்கள். நீங்களும் கப்பலில்தான் வந்தீர்கள். கூட வந்த பெரியவர்கள் அதே கப்பலில் திரும்ப வேண்டும் என்பதால் வந்த அன்றைக்கே நிக்காஹ். "எங்க மார்க்கத்துல பொண்ணுகிட்ட கேக்கணும் புள்ள. கேட்டாக. ஒண்ணும் குறை சொல்ல முடியாது. நான் திரைக்கு அங்கிட்டு உக்காந்திருக்கேன், தரை ஆடுது, சுவரு ஆடுது, 'சம்மதமாம்மா'ங்குறாக. சுத்தியிருந்த பொம்பளைக எல்லாம் 'தலை ஆடிருச்சு, ஆடிருச்சு'ன்னு சந்தோசமாக் கத்துறாக." மிளகாயைக் கீழே வைத்தீர்கள். "நான் ஆட்டல. கப்பல் ஆட்டுச்சு."

நான் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்தீர்கள், அப்புறம் நிறுத்திவிட்டீர்கள். "கெட்ட மனுசர் இல்ல அவுக. கேட்டுருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேனோ என்னமோ. ஆனா நான் சொல்லலையே புள்ள." அப்போது வாசலில் பாயின் செருப்புச் சத்தம் கேட்டது. நீங்கள் எழுந்து தேத்தண்ணி போடப் போனீர்கள்.

எல்லாரும் சரி என்று சொல்லவில்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், தம்ளரைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்றாள். நீங்கள் அவள் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசி, அடுத்த கப்பலில் ஏற்றிவிட்டீர்கள். மாப்பிள்ளை வீட்டார் உங்கள் கடை வாசலில் நின்று கத்தியதும், பாதிக் குவார்ட்டர்ஸ் வேறு கடைக்குப் போய் அரிசி வாங்கியதும் எனக்குத் தெரியும். பாய் உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்களும் அசையவில்லை. "போனவுக பருப்புத் தீந்தா வருவாக" என்றீர்கள். வரவும் வந்தார்கள்.

பிறகு விமானம் சல்லிசாகிவிட்டது. கல்யாணப் பெண்கள் காலையில் சென்னையில் இட்லி சாப்பிட்டுவிட்டு மத்தியானச் சோற்றுக்கு இங்கே வந்தார்கள். தரை ஆடவில்லை. உங்களிடம் யாரும் பெண்ணைக் கொண்டுவந்து விடவில்லை, நீங்களும் கேட்கவில்லை. போன வருஷம் நீங்களும் விமானத்தில்தான் போனீர்கள், வைத்தியத்துக்கு. சக்கர நாற்காலியிலிருந்து கையை ஆட்டி, "வந்துருவேன், கடையைப் பாத்துக்க" என்றீர்கள். உயிரும் அங்கேயே போய், மண்ணும் அங்கேயே ஆகிவிட்டது. உங்கள் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. எனக்கு உங்கள் மேல் கோபம் அப்போதே உண்டு. இன்றைக்கு இன்னும் அதிகம்.

நேற்றுக் காலை செந்திலுக்கு நிச்சயித்த பெண் வந்தாள். பவித்ரா. அம்மா அப்பாவோடு ஏர்போர்ட்டிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு லாட்ஜுக்குப் போவதாக ஏற்பாடு. நல்ல பெண், படித்த பெண். நிச்சயதார்த்தத்தில் பார்த்ததுதான், அப்போது ஜரிகைக்குள் முகம் தெரியவில்லை. நேற்று பார்த்தேன். எதைக் கேட்டாலும் "ம்". பயணம் சௌகரியமா? ம். வெயில் அதிகமா? ம். கையில் கொடுத்த காபியில் ஆடை படர்ந்து, அது சுருங்கி ஓரத்தில் ஒட்டும் வரைக்கும் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. "பொண்ணு இன்னும் எறங்கல."

என் வீட்டுக்காரர் சிரித்தார். "அரே, ஃப்ளைட்ல வந்த பொண்ணு. எறங்காம எப்படி வெளிய வந்துச்சு?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் ஒரு கணம் தாமதமாகச் சிரித்தாள். அந்தத் தாமதத்தைப் பார்த்துவிட்டேன், லாத்தா. அதற்குப் பிறகு எனக்கு நிலைகொள்ளவில்லை. நான் பையனைப் பெற்றவள். ஹால் பிடித்தாகிவிட்டது, பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, பாராடாங்கில் அவனோடு படகுத்துறையில் வேலை பார்க்கிறவர்கள் அத்தனை பேரும் காட்டுச் சாலையில் காவலோடு விடும் கான்வாயில் கிளம்பி வருகிறார்கள். நான் போய்க் கேட்பேனா? நீங்கள் இருந்திருந்தால் நீங்கள் கேட்டிருப்பீர்கள். நான் அடுப்படியில் நின்றுகொண்டு உங்களைச் சபித்திருப்பேன். அவ்வளவு சுலபமாக முடிந்திருக்கும்.

"எங்க ஊர் வழக்கம், வந்த அன்னிக்கு ராத்திரி பொண்ணு கடைக்கார லாத்தா வீட்டுல தங்கணும்" என்று சொல்லிவிட்டேன். அவள் அம்மா குரலைத் தாழ்த்தி, "அவங்க வீட்டுலயா?" என்றாள். என் வீட்டுக்காரர்தான், பாவம், எனக்குத் துணைக்கு வந்தார். "ஆமாமா, என் வீட்டுக்காரியும் அங்கதான் தங்குனா" என்றார். வெறும் சடங்குக்குத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். உங்கள் மருமகள் ஒன்றும் கேட்காமல் வெந்நீர் வைத்தாள். சாயங்காலம் தம்ளரைக் கொடுத்துப் பார்த்தேன். விமானத்தில் வந்த பெண், பாதித் தண்ணீர் தரையில்.

இன்று விடிந்ததும் போனேன். நான் கொடுக்கும் முன்பே அவளே தண்ணீரை நிறைத்து வைத்திருந்தாள். "இது எதுக்கு அத்தை?" என்றாள். சொன்னேன். உங்களைப் பற்றிச் சொன்னேன், கப்பலைச் சொன்னேன், கிரீஸ் நகத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "வேண்டாம்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

"உங்க அப்பாகிட்ட நான் பேசுவேன்" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு தம்ளரைத் தூக்கினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. கண்ணைத் திறக்காமலே, "எனக்கு வேண்டாம் அத்தை. உங்க பையன் நல்லவர்தான். போன்ல பேசுறப்ப ரெண்டு பேரும் 'அப்புறம், அப்புறம்'னு சொல்லிட்டே இருப்போம். அப்புறம் ஒண்ணுமே வராது" என்றாள். பிறகு கண்ணைத் திறந்து, "வேற காரணம் சொல்லணுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்மா" என்றேன்.

அவள் அப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. பேசினேன். கத்தினார், உட்கார்ந்தார், அழுதார். நாளை விமானத்தில் போகிறார்கள். என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தைதான் பேசினார். "கேக்காம இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது." அது உண்மைதான். ஒன்றும் ஆகியிருக்காது. அந்தப் பெண் என் வீட்டில் அடுத்த முப்பது வருஷம் "ம்" என்று சொல்லிக்கொண்டு இருந்திருப்பாள், நாங்களும் அடக்கமான மருமகள் என்று பெருமைப்பட்டிருப்போம்.

செந்திலிடம் நான்தான் சொன்னேன். வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு உள்ளே போனான். சாப்பிடவில்லை. நான் கதவருகே நிற்பதும் நகர்வதுமாக இருந்தேன். அழுவான் என்று நினைத்தேன், என்னை ஏசுவான் என்று நினைத்தேன். கடைசியில் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அவகிட்ட கேட்ட. சரிம்மா, அது நல்லதுதான்" என்றான். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "என்கிட்ட யாரு கேட்டீங்க?"

லாத்தா, யாரும் கேட்கவில்லை. போட்டோவைக் காட்டினேன். ஜாதகம் பொருந்துகிறது என்றேன். அவனும் "ம்" என்றான். ஆம்பளைப் பிள்ளை, வெட்கப்படுகிறான் என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். நீங்களும் அத்தனை வருஷத்தில் ஒரு பையனைக்கூடக் கேட்டதில்லையே. கப்பலில் வந்தவர்களைப் பற்றியே கவலைப்பட்டோம். கரையில் மாலையோடு நிற்கிறவன் எப்போதோ இறங்கிவிட்டவன் என்று நினைத்துக்கொண்டோம். கிரீஸ் நகத்தோடு ஓடிவந்த மனுஷரை நான் ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சரி சொன்னேன். அவரிடம் அன்றைக்கு யார் கேட்டார்கள்? இப்போது போய்க் கேட்கலாமென்றால் கொல்லையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

செந்திலின் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். "இப்பக் கேக்குறேன்டா. உனக்கு என்ன வேணும்? இந்தக் கல்யாணம் வேணும்னு இருந்துச்சா, வேண்டாம்னு இருந்துச்சா? மனசுல வேற யாராவது இருக்காங்களா? எதுவா இருந்தாலும் சொல்லு."

அவன் என் தலையில் கை வைத்தான், நான்தான் குழந்தை மாதிரி.

"இப்பக் கேக்காதம்மா," என்றான். "நாளைக்குக் கேளு."

உள்ளே போய்ப் படுத்துவிட்டான். நான் கேட்காமல் இருக்கிறேன், லாத்தா. வாய் வரைக்கும் வந்து நிற்கிறது, கேட்காமல் இருக்கிறேன். அவன் அறைக்குள் கட்டில் கிறீச்சிடுகிறது, புரண்டு படுக்கிறான் போலிருக்கிறது. அவனுக்கு உங்கள் ரசம் வைக்கப் போகிறேன்.